இன்று உங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள்?

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் நிறுவன இயக்குநர் ஐயா, பாக் ஹெந்தர்வான் அவர்களே, மனைவியை மண்ணில் வைத்துவிட்டு வந்து மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பாக் குனார்தோ அவர்களே, வொனோசோபோ மலையிலிருந்து இருட்டோடு கிளம்பி இந்த செமாராங் நகரத்துக்கு இறங்கி வந்திருக்கும் மருத்துவச்சிகளே, மலையூர்த் தாய்மார்களே, என்னோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் தோழர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

என் பெயர் வர்சோனோ. அம்மா என்ற பொருளில் நாங்கள் 'இபு' என்று அழைத்த வெனிங் ப்ரஸ்திவி வரைந்ததை ஓடவைப்பது என் வேலை. எந்த வசதி வேண்டும், அது எப்படி இருக்க வேண்டும் என்று அவர் திட்டமிடுவார். நான் நிரல் எழுதுவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்த சண்டைகளில்தான் 'எம்பான்' என்னும் நம் செயலி வளர்ந்தது. இன்று அவர் மல்லிகைச் சரம் போட்ட படமாக இங்கே இருக்கிறார். படத்தோடு யாரும் சண்டை போட முடியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் "அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர்" என்றார்கள். வேறு யாருடைய கூட்டத்துக்கோ தவறி வந்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். எங்கள் இபு வெனிங்கா அமைதியானவர்? திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் எதிரே உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அங்கே சுவர் நிறைய ஒட்டுச் சீட்டுகள் இருக்கும். செயலியில் என்ன வசதி சேர்க்கலாம் என்று யார் வேண்டுமானாலும் எழுதி ஒட்டலாம். அவர் ஒவ்வொரு சீட்டின் முன்னாலும் போய் நிற்பார். "இது யாருக்கு? அவ பேர் என்ன?" என்று கேட்பார். "பயன்படுத்துபவர்களுக்கு" என்று நீங்கள் சொன்னால் தீர்ந்தீர்கள். ஒரு பெண்ணின் பெயர் சொல்ல வேண்டும். பெயர் இல்லாத சீட்டு குப்பைக் கூடைக்குப் போகும்.

பாக் ஹெந்தர்வான் அவர்களே, உங்கள் சீட்டும் ஒருநாள் போனது. மறந்திருக்க மாட்டீர்கள்.

"பிள்ளை பொறக்குற கிழமைக்கும் சந்தை நாளுக்கும் பொருத்தமா பேர் எடுத்துக் கொடுக்குற வசதி, இபு. தினம் தினம் தொறந்து பாப்பாங்க."

"பேர் கெடச்சிரும் பாக். பிள்ளை உசுரோட வருமா? அதுக்கு எந்தச் சீட்டு ஒட்டியிருக்கீங்க?"

இயக்குநரிடம் இப்படி யார் பேசுவார்கள்? வேறு நிறுவனமாக இருந்தால் அன்று மாலையே இபு வெனிங்கின் மேசை காலியாகியிருக்கும். பாக் ஹெந்தர்வான் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தன் சீட்டைத் தன் கையாலேயே கிழித்தார். அந்தப் பெருந்தன்மையை நான் கண்ணால் பார்த்தேன். அதை நம்பித்தான் இன்று இங்கே பேச வந்திருக்கிறேன்.

எம்பான் எதற்காக என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கர்ப்பிணிப் பெண்ணின் கைபேசியில் காலையில் ஒரு கேள்வி வரும். அவள் தொடும் பதில் அந்தப் பகுதி மருத்துவச்சிக்குப் போகும். ஒரு மருத்துவச்சிக்கு ஒரு மலைச்சரிவு முழுக்க வீடுகள். எல்லா வீட்டுக்கும் தினமும் ஏறி இறங்க மனிதரால் ஆகாது. இன்று எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று தெரிந்தால் போதும், உயிர் பிழைக்கும்.

முதன்முதலில் நாம் கேட்ட கேள்வி என்ன? 'இன்று நலமா?' அவ்வளவுதான். பச்சைப் பொத்தான் நலம், சிவப்புப் பொத்தான் நலமில்லை. அலுவலகச் சுவரில் பெரிய திரை வைத்தோம். ஒவ்வொரு தாயும் அதில் ஒரு புள்ளி. காலையில் நாம் காப்பி குடித்து முடிப்பதற்குள் புள்ளிகள் வரிசையாகப் பச்சையாகிவிடும். சுகாதாரத் துறையிலிருந்து வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மலை முழுக்க நலம் என்று பத்திரிகைக்குச் செய்தி போனது.

சிவப்பை யாராவது தொட்டார்களா? தொடுவார்களா? நாம் எப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்? காலை உடைத்துக்கொண்டு கிடந்தாலும் "ஒண்ணுமில்லை, பரவாயில்லை" என்று சொல்லி, பார்க்க வந்தவரைத் தேநீர் குடிக்கச் சொல்கிறவர்கள். முடியாது என்பதைப் 'பார்க்கலாம்' என்றும், வேண்டாம் என்பதை 'அப்புறம்' என்றும் சொல்லி வளர்ந்தவர்கள். அந்த மலையில் ஒரு பெண் பொழுது விடிந்ததும் மருத்துவச்சிக்குச் சிவப்பு அனுப்புவாளா? அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே எவ்வளவு அலைச்சல், இதில் நான் வேறயா என்று நினைப்பாள். பச்சையைத் தொட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவாள்.

சும்பெர்வுனி ஊரின் லஸ்த்ரியும் அப்படித்தான் தொட்டாள். அவள் இறந்த நாள் காலையிலும் பச்சையைத்தான் தொட்டாள். மதியம் வலிப்பு வந்தது. முட்டைக்கோஸ் ஏற்றும் வண்டியில் கீழே கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. செய்தி வந்தபோது எங்கள் சுவரில் அவள் புள்ளி பச்சையாகவே இருந்தது.

இபு வெனிங் எழுந்தார். நாற்காலியைப் போட்டு ஏறி, அந்தத் திரையின் மின்கம்பியைப் பிடுங்கினார். "வர்சோனோ, வண்டிய எடு" என்றார். நேரே சும்பெர்வுனிக்குப் போனோம்.

லஸ்த்ரியின் மாமியார் பொனியெம் அம்மா எங்களுக்குத் தேநீர் வைத்தார். சாவு வீட்டிலும் தேநீர் வைக்கிறவர்கள்தானே நாம். இபு வெனிங் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உடம்பு சரியில்லன்னு அவ உங்ககிட்டயும் சொல்லலையாம்மா?"

"சொல்லிட்டாலும்! எதக் கேட்டாலும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லதான். காலு வீங்கி செருப்புக்குள்ள போகல. என்னடின்னா, சேத்துல நடந்தேன் அதான்னா. மொகம் உப்பியிருக்கேன்னா, நல்லாத் தூங்கினேன்னா."

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"எனக்குக் கோவம்தான் வந்துது. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து என்னை அடுப்புகிட்ட அண்டவிடாதவ அவ. நான் கரண்டியத் தொட்டாலே மூஞ்சி மாறிடும். அப்பேர்ப்பட்டவ அந்த வாரம் பூரா அடுப்ப எங்கிட்ட விட்டுட்டா. மருமகளுக்குக் கொழுப்பெடுத்துப் போச்சுன்னு பக்கத்து வீட்டுல போய்த் திட்டிட்டு வந்தேன். திட்டிட்டு வந்தேனே, பாவி."

அந்தத் தாய் அழவில்லை. எங்கள் தம்ளரில் தேநீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்து இன்னும் ஊற்றினார்.

இறங்கும் வழியில், உருளைக்கிழங்கு வயலோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். கீழே இறங்கிச் சரிவிலிருந்த வீடுகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அவ உடம்பப் பத்தி அவகிட்ட கேக்கவே கூடாது வர்சோனோ. பொய்தான் வரும். அடுப்பப் பத்திக் கேக்கணும்."

நண்பர்களே, இதுதான் அவர் செய்த வேலை. ஒரு வசதியைத் திட்டமிடுவது என்றால் நம்மில் பலர் பொத்தானின் நிறத்தையும் எழுத்தின் அளவையும் நினைக்கிறோம். அவர் மனிதர் பொய் சொல்லும் இடத்தையும், பொய் சொல்ல அவசியமில்லாத இடத்தையும் தேடிப் போனார். யார் சமைத்தது என்று கேட்டால் நம் ஊரில் எந்தப் பெண்ணும் கூச்சப்பட மாட்டாள். அது யாருக்கும் தொல்லை தராத பேச்சு. வாசலில் நின்று பேசுகிற பேச்சு.

அடுத்த திங்கட்கிழமை சுவரில் ஒரே சீட்டு ஒட்டினார். 'இன்று உங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள்?' கீழே சின்னச் சின்னப் படங்கள்: நான், மாமியார், கணவர், பக்கத்து வீட்டுக்காரர், கடையில் வாங்கினோம். வழக்கமாக 'நான்' என்று தொடுகிறவள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வேறு படத்தைத் தொட்டால் மருத்துவச்சியின் கைபேசி அடிக்கும். அவ்வளவே. 'நலமா' என்ற சொல்லே செயலியில் எங்கும் கிடையாது.

அன்றைய கூட்டம் எப்படி நடந்தது என்கிறீர்கள்? ஒருவர் சிரிக்கும் முகமும் அழும் முகமும் போடலாமே என்றார். "எல்லாரும் சிரிக்கிற மூஞ்சியத்தான் தொடுவாங்க, நீங்க இப்ப என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி" என்றார் இபு வெனிங். மருத்துவச் செயலியில் சமையல் கேள்வியா, அதிகாரிகள் சிரிப்பார்கள் என்றார் பாக் ஹெந்தர்வான். "சிரிக்கட்டும் பாக். சிரிச்சா யாருக்கும் வலிப்பு வராது." என் பங்குக்கு நான், கேள்விக்குக் கீழே 'ஏன்?' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றேன். "யாருன்னு கேட்டா அரட்டை. ஏன்னு கேட்டா விசாரணை. விசாரணைன்னா வாய மூடிக்குவாங்க" என்று என் வரியை அடித்துவிட்டார்.

மருத்துவச்சியின் திரையிலும் 'ஆபத்து' என்று எழுத அவர் சம்மதிக்கவில்லை. அங்கே அவர் எழுதவைத்த வாசகம் இன்றும் இருக்கிறது: 'அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள்.' கையில் இரண்டு வாழைப்பழத்தோடு, இந்தப் பக்கமா வந்தேன் என்று சொல்லி நுழைந்தால்தானே நம் வீடுகளில் ஒரு பெண் வெட்கமில்லாமல் காலை நீட்டிக் காட்டுவாள்? அந்தப் பொய்க்கும் ஒரு இடம் ஒதுக்கி வரைந்தவர் அவர்.

மூன்றாம் வரிசையில் மருத்துவச்சி இபு முர்த்தினி இருக்கிறார். அந்த வருடத்தின் முதல் மழையில் அவர் கைபேசி அடித்தது. பழத்தோடு போனார். அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண், கைலி முழுக்க ரத்தம் ஊறிக் கிடந்தவள், "ஒண்ணுமில்லக்கா, உக்காருங்க, தேநீர் வைக்கிறேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தாளாம். அந்தப் பெண் பிழைத்தாள். இந்தக் கூட்டம் தொடங்கியதிலிருந்து ஒலிபெருக்கியின் கம்பியை இழுத்து இழுத்து எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறதே ஒரு குழந்தை, அது அவள் பெற்றது. யாரும் அதைத் திட்டாதீர்கள். இழுக்கட்டும்.

இவ்வளவும் செய்தவர் எப்படிச் செத்தார்?

அதைச் சொல்லாமல் இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். சொல்லாமல் போனால் இது அஞ்சலி ஆகாது.

அவருக்கு வயிற்றில் புற்று இருந்தது. அது அவருக்குத் தெரியும், அவர் கணவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்காரும்போது அவர் உட்கார மாட்டார். திங்களும் வியாழனும் நோன்பு வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம்தானே. "நான் நோன்பு" என்பார். செவ்வாய்க்கிழமையும் சாப்பிடவில்லை. "விட்டுப்போன நோன்பு, கழிக்கிறேன்" என்பார். நோன்பு என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் யார் கேட்பார்கள்? கேட்பது பாவம் என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். மெலிந்துபோனார். இபு அழகாகிவிட்டார் என்றார்கள். நம் கண் முன்னால் ஒரு பெண் தினந்தினம் கரைந்துகொண்டிருந்தார், நாம் அதைப் பக்தி என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

ஒருத்திக்கு மட்டும் பொறி தட்டியது. அவரிடம் வேலை பழகிய கினாசி. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அவரை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"இபு, இன்னைக்கு உங்க வீட்ல யார் சமைச்சாங்க?"

இபு வெனிங் விழுந்து விழுந்து சிரித்தாராம். "அடியேய், நான் பெத்த கேள்விய எங்கிட்டயே கொண்டு வர்றியா? நான்தான் சமைச்சேன். பலாக்காய்க் குழம்பு. வேணும்னா நாளைக்குக் கொண்டு வரேன்."

மறுநாள் கொண்டும் வந்தார். கினாசி சாப்பிட்டாள். உப்பு கரித்தது, அடி பிடித்த வாசனை அடித்தது. பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று, "ரொம்ப நல்லாருக்கு இபு" என்று சொல்லிவிட்டாள்.

அடக்கம் முடிந்த அன்று அவர் கணவர் பாக் குனார்தோ என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த வருஷ மழை ஆரம்பிச்சதுலேருந்து அடுப்பு என் கையிலதான் தம்பி. எனக்குச் சமைக்கவே தெரியாது. அந்தப் பொண்ணுக்குன்னு சொல்லி ஒரு பலாக்காய்க் குழம்பு வைக்கச் சொன்னா. தீச்சுட்டேன். பரவாயில்ல, அவ ஒண்ணும் சொல்ல மாட்டான்னு சொல்லி எடுத்துட்டுப் போனா."

கினாசி அழுகிறாள். அழாதே அம்மா. நீ சரியான கேள்வியைத்தான் கேட்டாய். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று உலகத்தில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கேட்டாய். அதனால்தான் அவர் அதில் சிக்கவில்லை. பூட்டைச் செய்தவருக்கு அதைத் திறக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது நாளைய கூட்டத்துக்கு வருகிறேன். நாளை திங்கட்கிழமை. சுவரில் ஒரு சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. அது பாக் ஹெந்தர்வானின் கையெழுத்து. ஒளிவுமறைவாக ஒட்டவில்லை, எல்லோரும் பார்த்தோம். சமையல் கேள்வியை எடுத்துவிட வேண்டும், நலம், நலமில்லை பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். காரணம் சொல்லியிருக்கிறார். சில ஊர்களில் பெண்கள் இந்தக் கேள்வியின் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டார்கள், யார் சமைத்தாலும் 'நான்' என்றே தொடுகிறார்கள் என்கிறார். அது உண்மை. இபு வெனிங்கே தொட்டிருப்பார். புதிதாகப் பணம் போட வருகிறவர்களுக்கு அந்தப் பச்சைச் சுவரைக் காட்ட வேண்டும் என்கிறார். அதுவும் உண்மை.

இது வரும் என்று இபு வெனிங்குக்குத் தெரியாதா? தாம் கலந்துகொண்ட கடைசித் திங்கட்கிழமைக் கூட்டத்தில், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்று அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"கேள்வி தேயும். போட்டு நடந்தா செருப்பு தேயத்தானே செய்யும்? தேஞ்சா மலைக்குப் போங்க, வீட்டுக்குள்ள உக்காருங்க, வேற கேள்வி கண்டுபிடிங்க. பழைய பச்சைக்கு மட்டும் திரும்பிப் போயிராதீங்க. அது கேள்வியில்ல. நமக்கு நாமே சொல்லிக்கிற பொய்."

ஆகவே அவர் படத்தின் முன்னால் நின்று, என்னோடு வேலை செய்யும் எல்லோர் சார்பாகவும் சொல்கிறேன். புதிய கேள்வி கிடைக்கும்வரை சமையல் கேள்வியே இருக்கும். புதிய கேள்வியைத் தேடி கினாசியும் நானும் மலைக்குப் போவோம். கிடைக்கவில்லையென்றால் மறுபடி போவோம். அந்தப் பச்சைப் பொத்தானை ஒருமுறை செய்தேன். இனி இந்தக் கையால் செய்ய மாட்டேன். வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பாக் ஹெந்தர்வான் அவர்களே, நீங்கள் தலையசைக்கிறீர்கள். நன்றி. ஆனால் நானும் இந்த ஊர்க்காரன்தான். அந்தத் தலையசைப்புக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். ஒரு துக்கக் கூட்டத்தில், இத்தனை பேர் பார்க்க, கேள்வி இருக்குமா என்று நான் கேட்டால் இருக்கும் என்றுதான் சொல்வீர்கள். பச்சையைத்தான் தொடுவீர்கள். அதனால் நான் கேட்கவில்லை.

இந்த மண்டபத்தின் பின்கட்டில் காலையிலிருந்து அடுப்பு எரிகிறது. கூட்டம் முடிந்ததும் கொடுக்கும் சோற்றுப் பொட்டலத்தைக் கடையில் சொல்லலாம் என்றோம். லஸ்த்ரியின் மாமியார் பொனியெம் அம்மா விடவில்லை. இன்று சமைத்தது அவர்தான். வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் அவரே கொடுக்கப்போகிறார். உங்களுக்குக் கொடுக்கும்போது அவர் ஒன்று கேட்பார், பாக். அவருக்கு உங்கள் பதவியும் தெரியாது, சுவரில் ஒட்டிய சீட்டும் தெரியாது. நாளை மறுநாள் காலையில் எங்கள் ஊர்ப் பெண்களின் கைபேசியில் என்ன கேள்வி வரும் என்று மட்டும் கேட்பார்.

அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு, சோற்றை வாங்கிக்கொள்ளுங்கள்.